பூட்டிக் கிடக்கும் வீடும் புயலும்: கூரைக்கு முன் பார்க்க வேண்டியவை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சரிவில் புதைந்த மலையகக் கிராமங்களே இழப்பின் பெரும்பகுதியைச் சுமந்தன. வடக்கிலும் கிழக்கிலும் குளங்கள் வான் பாய்ந்தன, வயல்கள் அழிந்தன, பாலங்கள் உடைந்தன. மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் வெள்ளக்காடானது. அந்த நாட்களில் வெளிநாடுகளிலிருந்து ஊருக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் பல ஒரே கேள்வியோடு வந்தன: "எங்கட வீடு என்ன நிலைமை?"

வன்னியிலும் குடாநாட்டிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஏராளம். போரில் இடிந்து, பின்னர் கனடாவிலோ இலண்டனிலோ உழைத்த காசில் திரும்பக் கட்டப்பட்டவை. ஆடி, ஆவணி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்து மூன்று கிழமை தங்கிப் போவதற்காக வைத்திருக்கும் வீடுகள். மற்றக் காலம் முழுக்கப் பக்கத்து வளவில் இருக்கும் யாரோ ஒருவரிடம் திறப்பு இருக்கும்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில், கனடாவில் வாழும் என் உறவினர் ஒருவரின் வீட்டைப் பார்க்கப் புதுக்குடியிருப்புப் பக்கம் போனேன். செய்தி சேகரிப்புக்காக அதே பகுதியில் இன்னும் சில வளவுகளுக்கும் போக நேர்ந்தது. எல்லா இடத்திலும் உரிமையாளர்கள் முதலில் கேட்டது கூரையைப் பற்றித்தான். நான் பார்த்த அளவில் கூரை நாலைந்தாவது இடத்தில் வர வேண்டிய விடயம். புயலுக்குப் பின் ஆளில்லாத வீட்டில் எதை, எந்த ஒழுங்கில் பார்ப்பது, ஏன் அப்படிப் பார்ப்பது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

ஓகஸ்டில் தெரியும் வீடு

எங்கள் பகுதியைத் தாக்கிய பெரும் புயல்களின் மாதங்களைப் பாருங்கள். திருகோணமலையையும் மன்னாரையும் தாக்கியது 1964 டிசம்பரில். மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது 1978 நவம்பரில். திருகோணமலைக் கரையில் ஏறிய புயல் 2000 டிசம்பரில். வன்னிச் சனம் தர்மபுரத்திலும் விசுவமடுவிலும் தறப்பாள் கொட்டில்களுக்குள் இருந்தபோது வந்த நிஷா 2008 நவம்பரில். திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடந்த புரெவி 2020 டிசம்பரில். இப்போது டித்வா. எல்லாமே வடகீழ்ப் பருவமழைக் காலம்.

உரிமையாளர்கள் வருவதோ யூலை, ஓகஸ்டில். நிலம் காய்ந்து, கிணறு வற்றி, வேலி நேராக நிற்கும் காலம் அது. தண்ணீர் எந்தப் பக்கத்தால் வளவுக்குள் ஏறுகிறது, எந்த மூலையில் தேங்குகிறது என்பதை அவர்களில் பலர் வருடக்கணக்காகக் கண்டதே இல்லை. ஆகவே புயலுக்குப் பிந்திய முதல் இரண்டு மூன்று கிழமைகளில் எடுக்கப்படும் பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு. சுவரில் படிந்த வெள்ளக்கோடு அடுத்த வெயிலில் மங்கிவிடும்.

முதல் அழைப்பில் கேட்க வேண்டியது

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் அதே புயலுக்குள் இருந்தவர். பல இடங்களில் அவர் கணவனைப் போரில் இழந்த ஒரு பெண். அவருடைய சொந்த வீடு நீங்கள் கட்டிய வீட்டைவிடப் பலவீனமானது. அவருடைய வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, பிள்ளைகள் எங்கே, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்பதுதான் முதல் அழைப்பு. உங்கள் வீடு மேட்டில் இருந்தால், திறந்து உள்ளே போய் இருக்கச் சொல்லுங்கள். நான் போன இடங்களில் இரண்டு வீடுகளில் அப்படித்தான் அயலவர்கள் தங்கியிருந்தார்கள். அந்த வீடுகளில் சேதமும் குறைவு. பெயர்ந்த ஓட்டுக்குக் கீழே வாளி வைக்க அங்கே ஆள் இருந்தது.

வட்ஸ்அப்பில் படம் அனுப்புவதற்காக அவரைக் கூரையில் ஏறச் சொல்லக் கூடாது. மின்கம்பி அறுந்து கிடக்கும் வளவுக்குள் போகவும் சொல்லக் கூடாது. மழை விட்டு, தண்ணீர் வடிந்த பின் பார்த்தால் போதும். அவருடைய ஒரு நாள் உழைப்புக்கு ஒரு நாள் கூலி கொடுக்க வேண்டும். உறவு முறை அதற்குப் பதிலாகாது.

போகும் வழி

டித்வாவில் பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 வீதியின் பாலம் ஒன்று உடைந்து, பின்னர் இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் அந்த வீதியில் 120 அடி நீளமான பெய்லி பாலம் அமைத்தார்கள். அதற்கு முந்திய நாட்களில் நான் மாங்குளம், ஒட்டுசுட்டான் சுற்றித்தான் போனேன். வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் நீர் பாய்வதும் புதிதல்ல. புறப்படுமுன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கோ அந்தப் பகுதிக் கிராம அலுவலருக்கோ எடுத்துக் கேளுங்கள். இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களின் வான் கதவுகள் திறந்திருக்கிறதா என்பதையும் கேட்டறியுங்கள். மழை நின்ற மறுநாளும் மேட்டுநில நீர் வந்துகொண்டிருக்கும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதை அனுபவித்தன.

வளவுக்குள் கால் வைக்கும் முன்

வேறு நாட்டு வழிகாட்டிகளில் இல்லாத இரண்டு ஆபத்துகள் எங்கள் மண்ணில் உண்டு.

ஒன்று, வெடிக்காத பொருட்கள். கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது; அகற்றி முடிக்க வேண்டிய காலக்கெடு 2028 யூன். வேலை இன்னும் முடியவில்லை. வெள்ளம் மண்ணை அரித்துப் புதைந்ததை மேலே கொண்டுவரும், சில வேளை இடமும் மாற்றும். எச்சரிக்கைப் பலகைகளையும் அடித்துக்கொண்டு போகும். துப்புரவாக்கி ஒப்படைத்த காணி என்றாலும், அரிப்பு ஏற்பட்ட வாய்க்கால் கரை, பற்றைக் கரை ஆகிய இடங்களில் பழகிய பாதையை விட்டு விலக வேண்டாம். சந்தேகமான எதையும் தொடாமல், கல்லால் எறியாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். விழுந்த கிளைகளையும் சருகையும் வளவுக்குள் குவித்துக் கொளுத்த வேண்டாம். குப்பை கொளுத்தும்போது மண்ணுக்குள் கிடந்தது வெடித்த சம்பவங்கள் வன்னியில் நடந்திருக்கின்றன.

மற்றது, பதுங்கு குழிகள். போர்க் காலத்தில் ஒவ்வொரு வளவிலும் ஒன்றிரண்டு இருந்தன. மீள்குடியேறியபோது கையில் கிடைத்த மண்ணையும் இடிபாட்டையும் போட்டு மூடினோம். இறுக்காமல் நிரப்பிய அந்த மண் பெருமழையில் இறங்கும். என் உறவினரின் வளவில், மாமரத்துக்குப் பக்கத்தில் 'ட' வடிவத்தில் முழங்கால் ஆழத்துக்கு நிலம் தாழ்ந்திருந்தது. அங்கே குழி இருந்ததென்று தொலைபேசியில் பெரியம்மாதான் நினைவுபடுத்தினார். புதிய வீட்டின் விறாந்தை அல்லது மலசலகூடக் குழி பழைய பதுங்கு குழிக்கு மேல் வந்திருந்தால், நிலத்தில் வெடிப்பு ஓடும்; கதவு நிலையோடு இறுகும். இளையவர்களுக்கு இந்த இடங்கள் தெரியாது. மூத்தவர்களிடம் கேட்டு வளவின் படம் ஒன்றில் குறித்து வைப்பது நல்லது.

மின்சாரம் அடுத்தது. வீட்டுக்கு வரும் கம்பி தொங்கினாலோ அறுந்தாலோ கிட்டப் போகாமல் 1987க்கு அறிவியுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் மெயின் சுவிட்சை ஈரக் கையோடு தொட வேண்டாம். கூரையில் சூரிய மின்தகடு இருந்தால், மெயினை நிறுத்தினாலும் பகலில் தகட்டிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருக்கும். மின்னியலாளர் பார்க்கும்வரை அதைத் தொடக் கூடாது.

தண்ணீர் ஏறிய வளவின் பாம்பு மேடு தேடி வரும். விறகுக் குவியல், ஓட்டு அடுக்கு, பூட்டிய அறையின் மூலை எல்லாம் அதற்கு இடம். கையை விடுமுன் தடியால் தட்டுங்கள். இரவு தங்க நேர்ந்தால் நிலத்தில் படுக்க வேண்டாம். சேற்றுக்குள் இறங்கச் சப்பாத்தும் கையுறையும் தேவை. 2024 நவம்பர் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் உயிரிழப்புகள் ஏற்பட்டன. காலில் காயம் இருந்தால் இறங்குமுன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் வெள்ளத்துக்குள் நின்றதை வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

வேலிதான் முதலில்

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா என்னிடம் சொன்னது இது: "வீட்டுக்கு ஒண்டும் இல்லைத் தம்பி, ஓடு நாலைஞ்சு பறந்தது. வேலிதான் ரண்டு பக்கம் முழுக்கப் போயிட்டுது."

அவர் இதைப் பெரிய இழப்பாகவே சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. எங்கள் உறுதிகளில் காணியின் எல்லை நாலு திசையால் எழுதப்படுகிறது: வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே ஒழுங்கை என்று. நிலத்தில் அந்த வரிகளுக்குச் சாட்சியாக நிற்பவை கதியாலும், எல்லைக்கல்லும், மூலைப் பனையும், பங்குக் கிணறுமே. புயல் முதலில் சாய்ப்பதும் அவற்றைத்தான். போர் ஒருமுறை இந்த அடையாளங்களை அழித்தது. திரும்பி வந்தபோது எந்தப் பனை யாருடைய எல்லை என்று தெரியாமல் அயலுக்கு அயல் முரண்பட்டதை நாங்கள் கண்டோம்.

ஆகவே விழுந்த வேலியைத் துப்புரவாக்குமுன் செய்ய வேண்டியவை:

• கதியால் நின்ற குழிகள் தெரியும்போதே படம் எடுங்கள். வேர் கிளம்பிய குழி ஒரு மாதத்தில் தூர்ந்துவிடும்.

• எல்லைக்கல் ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். அரிப்பில் சாய்ந்த கல்லை நீங்களாக நிமிர்த்தி நட வேண்டாம். நில அளவையாளரின் வரைபடம் இருந்தால் அவரைக் கொண்டே மீள நாட்டுங்கள்.

• எல்லை மரம் விழுந்திருந்தால் அடிக்கட்டையைக் கிளப்பாமல் விடுங்கள். நிற்கும் பனையைத் தறிக்க அனுமதி தேவை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

• புது வேலியை இரு பக்க அயலவரும் நிற்கும்போது போடுங்கள். அவர்களும் வெளிநாட்டில் இருந்தால் படத்தை அனுப்பிச் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். கிராம அலுவலருக்கும் சொல்லி வையுங்கள்.

• ஒழுங்கை, வாய்க்கால், மதவு ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளம் புது வாய்க்கால் வெட்டியிருந்தால், அல்லது பாதை இல்லாமல் சனம் உங்கள் வளவுக்குள்ளால் போகத் தொடங்கியிருந்தால் திகதியோடு குறித்து வையுங்கள். தற்காலிகமாக வழி விடுவது அயல் தர்மம். தற்காலிகம் என்பது எழுத்தில் இருந்தால் பின்னர் மனக்கசப்பு வராது.

கிணறு

வெள்ளம் மேவிய கிணற்று நீர் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்கக் கூடாது. மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வெள்ளத்தில் கலந்திருக்கும். அவசரப்பட்டு மோட்டரைப் போட்டு ஒரே நாளில் முழுக்க இறைக்கவும் கூடாது. சுற்று மண் நீரில் ஊறியிருக்கும்போது உள்ளே நீர் திடீரெனக் குறைந்தால் கட்டு உள்நோக்கி இடியலாம். கடற்கரை, களப்புப் பக்கம் என்றால் அதிகமாக இறைப்பது உவர் நீரை இழுத்துவிடும். சுற்று நீர் மட்டம் இறங்கும்வரை பொறுத்து, கட்டைப் பரிசோதித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் குளோரின் இடும் அளவைக் கேட்டுச் செய்யுங்கள். பூட்டிய வளவில் தொட்டி, சிரட்டை, டயர் என்று நீர் தேங்கும் எதையும் கவிழ்த்து விடுங்கள். டெங்கு நுளம்பு பெருகினால் பாதிக்கப்படுவது அயல் வீட்டுப் பிள்ளைகள்.

கூரையும் சுவரும்

கூரையைப் பார்க்க மேலே ஏறத் தேவையில்லை. நண்பகலில் கதவு, யன்னல்களைச் சாத்திவிட்டு அறைக்குள் நின்று மேலே பாருங்கள். விலகிய ஓடெல்லாம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். சீலிங் அடித்த வீடு என்றால் கறையைப் பாருங்கள். தீராந்தி, கைமரம், சிலாகை ஆகியவை சுவரைத் தொடும் முனைகளைக் கம்பியால் குத்திப் பார்க்கலாம். கம்பி இறங்கினால் கறையானோ உக்கலோ உண்டு. பீலியில் அடைந்த சருகை எடுத்தாலே பாதி ஒழுக்கு நின்றுவிடும்.

அஸ்பெஸ்டஸ் சீற் உடைந்திருந்தால் துண்டுகளை நனைத்து, முகக்கவசம் கட்டி, மேலும் உடைக்காமல் எடுத்துப் பையில் கட்டுங்கள். காய்ந்த தூளைத் தும்புத்தடியால் கூட்டுவது சுவாசப்பைக்குக் கேடு. ஈரச் சுவருக்கு உடனே பெயின்ற் அடிக்க வேண்டாம். யன்னல்களைத் திறந்து சில கிழமைகள் காயவிடுங்கள். வெடிப்பு இருந்தால் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். ஒரு மாதத்தில் கோட்டைத் தாண்டினால் அத்திவாரம் இறங்குகிறது என்று பொருள்.

அலுமாரிக்குள் இருப்பவை

பூட்டிய வீட்டின் அலுமாரிகளில் உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், இடம்பெயர்ந்தோர் அட்டை மட்டும் இருப்பதில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக ஆணைக்குழுக்களிலும் செஞ்சிலுவைச் சங்கத்திலும் பதிந்த முறைப்பாட்டுச் சிட்டைகள், திரும்ப எடுக்க முடியாத ஒரேயொரு படம் போன்றவையும் அங்கேதான் இருக்கும். நனைந்த தாள்களை வெயிலில் காயப் போட வேண்டாம், ஒட்டிய பக்கங்களை இழுத்துப் பிரிக்கவும் வேண்டாம். நிழலில், வெள்ளைத் தாள் இடையில் வைத்து, காற்றோட்டத்தில் காயவிடுங்கள். நிறைய இருந்து உடனே செய்ய முடியாவிட்டால், பொலித்தீனில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. பிறகு சிறிது சிறிதாக எடுத்துக் காயவைக்கலாம். உறுதி அழிந்துபோனால் காணிப் பதிவகத்தில் பதிவான பிரதியைப் பெறலாம். அந்தப் படத்துக்குப் பதிவகம் இல்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது இவற்றைப் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள்.

படம் எடுக்கும் முறை

ஊடகக் கற்கையில் முதலில் சொல்லித் தருவது இங்கும் உதவும். ஒவ்வொரு சேதத்துக்கும் மூன்று படங்கள் வேண்டும்: தூரத்திலிருந்து முழு இடமும் தெரிய ஒன்று, நடுத் தூரத்தில் ஒன்று, கிட்டவாக ஒன்று. கிட்டப் படத்தில் அளவு தெரிய அடிமட்டமோ பேனையோ வையுங்கள். கைபேசியின் இட அடையாளம் இயங்கட்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் திகதி, இடத் தரவுகள் நீங்கிவிடும், தெளிவும் குறையும். மூலப் படத்தை ஆவணமாக அனுப்புங்கள், கைபேசியிலிருந்தும் அழிக்காதீர்கள்.

பின்னர் ஒரு பக்கத்தில் சேதங்களை எழுதிக் கிராம அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். டித்வாவின் பின் அறிவிக்கப்பட்ட 25,000 ரூபா துப்புரவுக் கொடுப்பனவு போன்றவை, அங்கே வாழ்ந்து பாதிக்கப்பட்டவர்களின் அவசரத்துக்கானவை. விடுமுறை வீட்டுக்காக அந்த வரிசையில் நிற்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் வளவின் சேதம் அரச பதிவில் இருப்பது வேறு விதத்தில் பயன்படும். இந்தக் காணிக்கு உரியவர் இருக்கிறார், வந்து பார்த்தார் என்பதற்கு அது திகதியிட்ட சான்று.

காணிக்கு ஏன் சான்று வேண்டும்

1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றிப் பத்து வருடம் காணியை அனுபவித்தவர் அதற்கு உரித்துக் கோரலாம். போர்க்காலத்தில் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அது கணக்கில் எடுத்தது 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை. அதற்குப் பிந்திய வருடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

உறுதிக் காணி இல்லாமல், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணி என்றால் இன்னும் கவனம் வேண்டும். வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகள் பல இந்த வகை. நிபந்தனைகளை மீறி நீண்ட காலம் கைவிட்டால் பிரதேச செயலகம் அனுமதியை இரத்துச் செய்ய முடியும். 2025 மார்ச் 28இல் வந்த வர்த்தமானி அறிவித்தலையும் மறந்திருக்க மாட்டீர்கள். வடக்கில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது அது. உயர் நீதிமன்றம் யூனில் இடைக்காலத் தடை விதித்தது, அரசு பின்வாங்கியது. அந்த மூன்று மாதமும் புலம்பெயர்ந்த குடும்பங்கள் ஓடித் திரிந்தது கடதாசிக்காகத்தான்.

ஆகவே வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இவர் எங்கள் அனுமதியோடு, எங்களுக்காக இந்தக் காணியைப் பராமரிக்கிறார், இன்ன கொடுப்பனவு பெறுகிறார் என்று இரு பகுதியும் கையொப்பமிட்ட ஒரு பக்கம் போதும். உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவரின் இருப்பு பொதுவாக எதிரான அனுபவமாகக் கொள்ளப்படுவதில்லை. அதே கடிதம் அவரையும் காப்பாற்றும். வளவுக்குள் ஏன் நிற்கிறாய் என்று அதிகாரியோ பங்காளியோ கேட்டால் காட்ட அவரிடம் ஒன்று இருக்கும். காணி சம்பந்தமாக ஒப்பமிடவோ வழக்காடவோ ஆள் வேண்டுமென்றால் அதற்கு அற்றோணித் தத்துவம் தேவை. அதைச் சட்டத்தரணி மூலம் செய்து பதிவு செய்ய வேண்டும்.

இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு அதிகமில்லை. ஒரு நாள் கூலி, ஒரு கைபேசி, ஒரு கோப்பு. டிசம்பரில் எடுத்த படங்களையும் கிராம அலுவலரின் கையொப்பத்தையும் கடிதத்தையும் அந்தக் கோப்பில் இட்டு, ஒரு பிரதியை ஊரிலும் ஒரு பிரதியை நீங்கள் இருக்கும் நாட்டிலும் வையுங்கள். ஓடு மாற்றும் வேலையைத் தை பிறந்த பின்னும் செய்யலாம். கதியால் நின்ற குழி அதுவரை இருக்காது.